வசியத்தில் சிக்கிய சூப்பர்ஹீரோவை நண்பர்கள் மீட்கும் கதை: எழுதுவதற்கு ஒரு முழுமையான வழிகாட்டி

காமிக்ஸ் ஸ்கிரிப்ட் எழுதத் தொடங்குகிறவர்கள் சீக்கிரமே கைவைக்கும் கதை இது. வில்லன் நாயகியின் மனதைப் பிடித்துக்கொள்கிறான். அவள் சொந்த நண்பர்களையே தாக்குகிறாள். நண்பன் கண்ணீரோடு பழைய நாட்களை நினைவூட்ட, அவள் விடுபடுகிறாள். சொல்லிக் கேட்டால் நன்றாகத்தான் இருக்கும். எழுத உட்கார்ந்தால் கிளைமாக்ஸில் வந்து முட்டிக்கொண்டு நிற்கும்.

என்னிடம் படிக்கத் தரும் ஸ்கிரிப்டுகளில் கோளாறு பெரும்பாலும் வில்லனிடம் இருப்பதில்லை. நண்பர்களிடம்தான் இருக்கிறது. வில்லனின் ஒளிரும் கண்ணுக்கு மூன்று பக்கம் போகும். நண்பர்கள் கடைசியில் அழுவதற்காக மட்டும் வருவார்கள். அதனால் கீழே தந்திருப்பது கதை நடக்கும் வரிசை அல்ல, எழுத வேண்டிய வரிசை. இரண்டும் ஒன்றில்லை என்பதைப் பிடித்துக்கொண்டாலே பாதி வேலை முடிந்தது.

22 பக்க இதழ் ஒன்றை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். வெப்டூனோ (போனில் கீழே நகர்த்திப் படிக்கும் காமிக்ஸ்) சிறுகதையோ எழுதுகிறவர்கள் பக்கக் கணக்கை மட்டும் விட்டுவிடலாம்.

தொடங்கும் முன் வேண்டியவை

முதலில் நாயகி சக்தியைப் பயன்படுத்தாத ஒரு நாள். அவள் எங்கே வேலை பார்க்கிறாள், யாரிடம் எரிந்து விழுவாள், எதில் பிடிவாதம் என்பதை ஒரு பக்கத்துக்குள் எழுதிக்கொள்ளுங்கள். வசியம் என்பது ஒருவரை அவராக இல்லாமல் ஆக்குவது. அவர் எப்படிப்பட்டவர் என்றே தெரியாத வாசகருக்கு அதில் இழப்பு எதுவும் தெரியாது.

அடுத்து, இரண்டு நண்பர்கள். ஐந்து பேர் கொண்ட குழு வேண்டாம். 22 பக்கத்தில் ஐந்து பேருக்கும் வேலை தர முடியாது.

இந்த வழிகாட்டி முழுக்க ஒரே பயிற்சிக் கதையை வைத்துக்கொள்வோம். தாமரை, கோயம்பேடு சந்தையில் ஒரு காய்கறி மண்டியில் கணக்கு எழுதுகிறவள். லாரியைத் தூக்கும் பலம் உள்ளவள். சேகர் அண்ணன், குட்டியானை ஓட்டுகிறவர். ரஹீமா, ஹாஸ்டலில் தாமரையோடு ஒரே அறையில் இருப்பவள். வில்லனுக்குப் பெயர்கூட வேண்டாம், இப்போதைக்கு.

1. விடுபடும் பக்கத்தை முதலில் எழுதுங்கள்

மற்ற 21 பக்கங்களும் இந்த ஒரு பக்கம் வேலை செய்வதற்காகத்தான் இருக்கின்றன. அது என்ன கேட்கிறது என்று தெரியாமல் முதல் பக்கத்திலிருந்து எழுதிப் போனால், கிளைமாக்ஸில் தேவைப்படும் பொருள் கையில் இருக்காது.

மூன்று கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள். அந்த இடத்தில் யார் இருக்கிறார்? அவர் என்ன செய்கிறார்? நாயகி எதைத் தேர்ந்தெடுக்கிறாள்?

முதல் இரண்டுக்கும் எல்லோரும் எழுதிவிடுகிறார்கள். மூன்றாவது காலியாகவே கிடக்கும். 'நண்பன் பேசினான், அவள் விடுபட்டாள்' என்றால் வில்லன் கையிலிருந்த ரிமோட் நண்பன் கைக்கு மாறியிருக்கிறது, அவ்வளவுதான். அவள் இன்னும் பொம்மையேதான். நண்பர் ஒரு வாய்ப்பை உண்டாக்கித் தரலாம். அதைப் பயன்படுத்துவது அவளாக இருக்க வேண்டும்.

நம் கதையில் வில்லன் சிலரை ஒரு குளிர்பதனக் கிடங்கில் அடைத்து வைத்துவிட்டு, தாமரையை வாசலில் காவல் நிறுத்துகிறான். கட்டளை: 'இந்த ஷட்டருக்குள்ள யாரையும் விடாதே.' சேகரும் ரஹீமாவும் வருகிறார்கள். இருவரையும் அவள் உள்ளே விடவில்லை. ஆனால் யாரையும் வெளியே விடக்கூடாது என்று அவன் சொல்லவே இல்லை. தாமரை தானே ஷட்டரைத் தூக்கி, அடைபட்டவர்களை வெளியே அனுப்புகிறாள். கட்டளையை ஓர் எழுத்துகூட மீறாமல்.

இந்தப் பக்கம் கையில் இருந்தால், கதையின் முன்பகுதிக்கு என்ன வேண்டும் என்று அதுவே கேட்கும். கட்டளைகள் சொல்லுக்குச் சொல் நிறைவேற வேண்டும். தாமரை சொல்லைப் பிடித்துக்கொண்டு வாதாடும் பேர்வழியாக இருக்க வேண்டும். அது நண்பர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

2. வசியத்தின் விதிகளைத் தாளில் எழுதுங்கள்

மனதுக்குள் வைத்துக்கொண்டால் போதாது. எழுதும் வேகத்தில் மாற்றிவிடுவீர்கள். எப்படி நுழைகிறது, எவ்வளவு தூரம் எட்டுகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது, எதைச் செய்ய வைக்க முடியாது: இந்த நான்கும் இருந்தால் ஒரு விதி முழுமை.

2015இல் வந்த 'ஜெசிகா ஜோன்ஸ்' தொடரில், பேச்சாலேயே மனிதர்களை ஆட்டிவைக்கும் வில்லன் கில்கிரேவின் கட்டளை ஏறக்குறைய 12 மணி நேரத்தில் வலுவிழந்துவிடும். அவன் வாயால் சொல்லி, எதிராளி அதைக் கேட்கவும் வேண்டும். அந்தக் கதையில் ஹெட்போன் ஓர் ஆயுதமாவது இந்த விதியால்தான். எழுத்தாளர் தனியாக ஓர் ஆயுதத்தைக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை.

இன்னொரு கேள்வி இதைவிட முக்கியம்: வசியத்தில் இருக்கும்போது நாயகி எந்த நிலையில் இருக்கிறாள்? மூன்று வகை உண்டு, மூன்றிலும் நண்பர்களின் வேலை வேறு.

ஒன்று, அவள் உள்ளே இல்லவே இல்லை. நினைவு அழிக்கப்பட்டிருக்கிறது. வின்டர் சோல்ஜர் என்ற கொலையாளியாக மாற்றப்பட்ட பக்கி பார்ன்ஸ், கேப்டன் அமெரிக்காவின் பழைய நண்பன், இந்த வகை. இங்கே நண்பரின் வேலை நினைவைக் கொண்டுவருவது.

இரண்டு, உள்ளே விழித்திருக்கிறாள், கை கால் மட்டும் வில்லனுடையது. இங்கே நினைவூட்டிப் பயனில்லை, அவளுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது. நண்பரின் வேலை நேரம் வாங்கித் தருவது அல்லது கட்டளையில் ஓட்டை கண்டுபிடிப்பது. தாமரை இந்த வகை.

மூன்று, தான் செய்வது சரி என்றே நம்புகிறாள், ஏனென்றால் அவள் கண்ணுக்கு வேறு ஏதோ தெரிகிறது. 2005இல் வந்த டிசி காமிக்ஸில், மனதைக் கட்டுப்படுத்தும் வில்லன் மேக்ஸ்வெல் லார்டின் பிடியில் இருந்த சூப்பர்மேன், எதிரியோடு மோதுவதாக நினைத்துக்கொண்டு வொண்டர் வுமனை அடித்தது இப்படித்தான். இங்கே 'இது நீ இல்லை' என்று கத்தி எந்தப் பயனும் இல்லை. பார்ப்பது பொய் என்று காட்ட வேண்டும், அல்லது பொய்யை உண்டாக்குகிறவனை நிறுத்த வேண்டும். உண்மையைச் சொல்ல வைக்கும் தன் கயிற்றில் கட்டுண்ட லார்டு வாயாலேயே, தன்னைக் கொன்றால்தான் இது நிற்கும் என்று கேட்டுக்கொண்ட வொண்டர் வுமன் அவன் கழுத்தைத் திருகினாள். விதி அவ்வளவு இறுக்கமாக இருந்ததால்தான் அந்தக் காட்சி இன்றும் வாக்குவாதத்துக்கு உள்ளாகிறது.

புதியவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். நாயகி இரண்டாம் வகையில் இருப்பாள், நண்பன் முதல் வகைக்கான வசனத்தைப் பேசிக்கொண்டிருப்பான். வகையைத் தாளின் தலைப்பிலேயே எழுதி வையுங்கள்.

3. நண்பர்கள் இருவருக்கும் வெவ்வேறு வேலை கொடுங்கள்

ஒருவர் கண்டுபிடிப்பவர், ஒருவர் எதிரில் நிற்பவர். இருவரும் ஒரே வேலையைச் செய்தால் ஒருவரை வெட்டிவிடலாம்.

ரஹீமா ஒரே அறையில் இருப்பவள். மாற்றம் அவள் கண்ணில்தான் முதலில் படும். சேகர் தாமரையோடு தினமும் பில் விவகாரத்தில் மல்லுக்கு நிற்பவர். கட்டளையில் ஓட்டை இருக்கிறது என்பது அவருக்குத்தான் உறைக்கும். இந்தப் பிரிவு அவர்கள் வாழ்க்கையிலிருந்து வருகிறது. 'இவர் புத்திசாலி, அவர் தைரியசாலி' என்று பிரித்தால் காகிதப் பொம்மைகள்தான் கிடைக்கும்.

விசுவாசம் என்பது வசனத்தில் தெரியாது, செலவில்தான் தெரியும். சேகர் அங்கே வருவதற்காக எதை இழக்கிறார்? சரக்கைப் பாதியில் இறக்கிவிட்டு வருகிறாரா, அன்றைய வாடகை போகிறதா? சிறியதாக இருக்கட்டும், பரவாயில்லை. இழப்பே இல்லாமல் ஓடி வரும் நண்பரை வாசகர் கவனிக்கவே மாட்டார்.

இடம் இருந்தால், மாற்றுக் கருத்து உள்ள மூன்றாம் ஆள் ஒருவரைச் சேருங்கள். 'அவளைச் சுட்டாவது நிறுத்துங்கள்' என்று சொல்கிறவர். அவர் சொல்வதில் நியாயம் இருக்க வேண்டும். அவரை முட்டாளாக எழுதினால் நண்பர்களின் பிடிவாதத்துக்கும் மதிப்பு இல்லாமல் போகும்.

4. கிளைமாக்ஸில் வரும் சொல்லை முன்பே இரண்டு முறை காட்டுங்கள்

முதல் முறை வேடிக்கையாக, இரண்டாம் முறை போகிற போக்கில். மூன்றாம் முறைதான் கிளைமாக்ஸ். ஒரே முறை காட்டினால் வாசகர் மறந்துவிடுவார். முதல் முறையே உருக்கமாகக் காட்டினால், 'இது பின்னால் வரப்போகிறது' என்று கண்டுபிடித்துவிடுவார்.

தாமரை கதையில் 2ஆம் பக்கம் இப்படிப் போகும். ஒரு வியாபாரி சேகருக்கு இறக்குக்கூலி தர மறுக்கிறார். (பேனல் என்பது பக்கத்திலுள்ள ஒரு படக்கட்டம்.)

பேனல் 1: குட்டியானை நிறையத் தக்காளிப் பெட்டிகள். வியாபாரி, 'பில்லுல ஏத்துக்கூலி மட்டும்தான் போட்டிருக்கு. இறக்குறதுக்குக் காசு கிடையாது.'

பேனல் 2: தாமரை பில்லை வாங்கிப் பார்க்கிறாள். வசனம் இல்லை.

பேனல் 3: தாமரை, 'சரிதான். ஏத்தியாச்சு. இறக்குறது உங்க பாடு. வாங்கண்ணே, டீ குடிக்கலாம்.'

பேனல் 4: பெட்டிகளோடு நிற்கும் வண்டி. தலையைச் சொறியும் வியாபாரி. தூரத்தில் டீக்கடையில் இருவரும்.

அப்புறம் 9ஆம் பக்கத்தில் சேகர் யாரிடமோ, 'பில்லுல என்ன போட்டிருக்கோ அதான் கணக்கு, எங்க தாமரை சொல்ற மாதிரி' என்று ஒரு வரி. கிளைமாக்ஸில் ஷட்டர் முன் நின்றுகொண்டு அவர் கேட்பது ஒரே கேள்வி: 'பில்லுல என்னம்மா போட்டிருக்கு?'

'கேப்டன் அமெரிக்கா: தி வின்டர் சோல்ஜர்' 2014 படத்தில் இதைக் கச்சிதமாகப் பார்க்கலாம். தாயை இழந்து தனியாக நிற்கும் ஸ்டீவிடம் (பின்னாளில் கேப்டன் அமெரிக்கா ஆகிறவன்), கடைசிவரை உன்னோடு இருப்பேன் என்று பக்கி சொல்வது ஃப்ளாஷ்பேக்கில் வரும். கிளைமாக்ஸில் கேடயத்தைக் கீழே போட்டுவிட்டு, அடி வாங்கிக்கொண்டே ஸ்டீவ் அதே வாக்கைப் பக்கியிடம் திருப்பிச் சொல்கிறான். திசையைக் கவனியுங்கள். வசியத்தில் இருப்பவர் முன்பு கொடுத்த சொல் அவரிடமே திரும்பி வருகிறது. நண்பர் புதிதாக ஓர் உரை நிகழ்த்தவில்லை.

'ஜெசிகா ஜோன்ஸ்' முதல் சீசனின் கடைசி அத்தியாயத்தில் வேறு மாதிரி. ஜெசிகா ஒருபோதும் சொல்லாத சொல்தான் அவளுக்கும் தோழி டிரிஷுக்கும் இடையே அடையாளம் என்று முன்பே பேசி வைக்கிறார்கள்: 'ஐ லவ் யூ'. அவள் தன் பிடியில் இருப்பதாக நம்பி, அதே சொல்லைத் தன்னிடம் சொல்லும்படி கில்கிரேவே கேட்கிறான். அவள் சொல்கிறாள், ஆனால் தோழியைப் பார்த்து. முன்பே விதைத்திருந்தால் வில்லனின் கட்டளையையே இப்படி அடையாளமாக மாற்ற முடியும்.

5. வசியப்படும் காட்சியைச் சுருக்கமாக முடியுங்கள்

ஒன்றரைப் பக்கம் போதும். ஒளிரும் கண், சுழலும் வட்டம் எல்லாம் வேண்டாம். ஓவியருக்கு வேலை, வாசகருக்கு ஒன்றும் இல்லை.

அச்சு இதழ் என்றால் பக்கம் புரட்டும் இடத்தைப் பயன்படுத்துங்கள். ஒற்றைப்படைப் பக்கங்கள் வலது பக்கம் வரும். ஆகவே 5ஆம் பக்கத்தின் கடைசி பேனலில் வில்லன் வாயைத் திறக்கிறான்; புரட்டியதும் 6ஆம் பக்கத்தின் முதல் பேனலில் தாமரை ஏற்கெனவே ஷட்டர் முன் நிற்கிறாள். என்ன நடந்தது என்பதை வாசகர் அந்த இடைவெளியில் நிரப்பிக்கொள்வார். வெப்டூனில் புரட்டல் கிடையாது. அதற்குப் பதில் இரண்டு பேனலுக்கு நடுவே நீளமான வெற்றிடம் விடுங்கள்.

ஆனால் கட்டளையை மட்டும் அந்த இடைவெளியில் விட்டுவிடாதீர்கள்; அதன் வாசகம் முழுதாக, தெளிவாக பேச்சு பலூனில் இருக்க வேண்டும். பின்னால் ஓட்டை கண்டுபிடிக்கப் போவது அதில்தான்.

6. சந்தேகம் சின்ன விஷயத்திலிருந்து வரட்டும்

'அவள் கண்ணில் ஏதோ மாற்றம்' என்று எழுதாதீர்கள். ஓவியத்தில் வராது, வந்தாலும் நம்பும்படி இருக்காது.

ரஹீமாவைத் தாமரை தினமும் 'வாடி போடி' என்றுதான் பேசுவாள். போனில் அவள் குரல், 'நீங்க தூங்குங்க. நான் வரத் தாமதமாகும்.' இது போதும். ரஹீமா போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்க்கும் ஒரு பேனல், அடுத்த பேனலில் செருப்பை மாட்டிக்கொண்டிருக்கிறாள். தமிழில் எழுதுகிறவர்களுக்கு உள்ள வசதி இது. யார் யாரை எப்படி அழைப்பார்கள் என்பதை முதல் நான்கு பக்கங்களில் நிலைநாட்டிவிட்டால், ஒரு விகுதியை மாற்றியே வாசகரின் வயிற்றைக் கலக்கலாம்.

கண்டுபிடித்தவுடன் நேரே கிடங்குக்கு ஓடவிடாதீர்கள். ரஹீமா சொல்வதைச் சேகர் முதலில் நம்பாமல் இருக்கட்டும். 'கோபமா இருக்கும், விடும்மா.' ஒரு பக்கம் போதும். நம்பாமல் இருந்தவர் பிறகு எதிரில் போய் நிற்கும்போதுதான் அதற்கு எடை வரும்.

7. மோதலில் பலக் கணக்கை மறக்காதீர்கள்

லாரியைத் தூக்கும் கை சேகரின் நெஞ்சில் பட்டால் அவர் செத்துவிடுவார். இரண்டு பக்கம் அடி வாங்கிவிட்டு உதட்டோரம் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு வசனம் பேச முடியாது. பல ஸ்கிரிப்டுகளில் இந்த இடத்தில் நாயகியின் பலம் திடீரென்று ஒரு குத்துச்சண்டைக்காரர் அளவுக்குக் குறைந்துவிடுகிறது. வாசகர் இதை உடனே கண்டுகொள்வார்.

கேப்டன் அமெரிக்கா அடி தாங்கினார் என்றால், அவருக்கும் சக்தி இருக்கிறது. சாதாரண நண்பர் என்றால் வழி இரண்டுதான். கட்டளையில் தாக்கச் சொல்லவே இல்லை என்று வையுங்கள்; அல்லது, அவள் தாக்குகிறாள், ஆனால் குறி தவறுகிறது. இரண்டாவதில் ஒரு லாபம் உண்டு. அடி சேகருக்குப் பக்கத்துச் சுவரில் விழுந்து சுவர் பிளக்கிறது. அடுத்ததும் சுவரில்தான். சேகர் முகத்தில் பயம் குறைந்து யோசனை வருகிறது. அவள் உள்ளே விழித்திருக்கிறாள் என்று வாசகருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

8. உள்ளே நடப்பதை எழுத்திலும் காட்டுங்கள்

வில்லனின் கட்டளை ஒரு நிறக் கட்டத்தில், தாமரையின் எண்ணம் வேறொன்றில். முதலில் வில்லனின் கட்டம் பெரிது, அவளுடையது மூலையில் ஒடுங்கிய ஒரு சொல். சேகர் கேட்ட கேள்விக்குப் பிறகு அளவு மாறத் தொடங்கும். 'யாரையும்.' 'உள்ள.' 'உள்ள விடாதே.' 'உள்ள.' இவ்வளவு எழுதினால் போதும், விளக்கம் கூடாது.

லெட்டரிங் செய்பவரை, அதாவது பலூனில் எழுத்துகளை அமைப்பவரை, நினைத்து எழுதுங்கள். தமிழில் சொற்கள் நீளம், பலூன் சீக்கிரம் நிறையும். 'விட்டுக்கொண்டிருக்கிறாயா' என்ற ஒரே சொல் ஒரு வரியைத் தின்றுவிடும். ஆங்கில காமிக்ஸைப் பார்த்துவிட்டு அதே நீளத்தில் வசனம் எழுதினால் ஓவியம் மறைந்துபோகும். அழுத்தம் காட்டப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற வேறுபாடும் நமக்கு இல்லை. எந்தச் சொல் தடிமனாக வர வேண்டும் என்பதை ஸ்கிரிப்டிலேயே குறித்துவிடுங்கள்.

9. விடுபட்ட பிறகு குறைந்தது இரண்டு பக்கம்

பெரும்பாலான ஸ்கிரிப்டுகள் வில்லன் விழுந்ததும் கட்டிப்பிடித்து முடிந்துவிடும். நாயகி தன் கையால் செய்தது என்ன ஆனது? 2012 'அவெஞ்சர்ஸ்' படத்தில் வில்லன் லோகியின் பிடியிலிருந்து மீண்ட நாயகன் ஹாக்ஐ, தன்னால் எத்தனை பேர் செத்தார்கள் என்று தோழி நடாஷாவிடம் கேட்கிறான். சின்னக் காட்சிதான். ஆனால் அது இல்லையென்றால் முன்பு நடந்ததெல்லாம் விளையாட்டாகப் போயிருக்கும்.

மீட்பு ஒரே மூச்சில் முடிய வேண்டும் என்றும் இல்லை. ஸ்டீவின் சொல்லைக் கேட்ட பக்கி அன்று செய்தது, அவனை ஆற்றிலிருந்து இழுத்துப் போட்டுவிட்டு நடையைக் கட்டியது மட்டும்தான். அவனை வசியத்தில் இயக்கும் ரஷ்யச் சொற்கள் 2016இல் வந்த 'கேப்டன் அமெரிக்கா: சிவில் வார்' படத்திலும் வேலை செய்தன. வகாண்டா என்ற கற்பனை நாட்டில் அயோ என்ற வீராங்கனை அந்தச் சொற்களை ஒவ்வொன்றாகச் சொல்ல, ஒன்றும் நடக்காததைக் கண்டு அவன் அழும் காட்சி 2021இல் வந்த 'தி ஃபால்கன் அண்ட் தி வின்டர் சோல்ஜர்' தொடரில்தான் வருகிறது. தொடர்கதை எழுதுகிறவர்கள் இந்த நிதானத்தைக் கற்றுக்கொள்ளலாம்.

நம் கதையில் 21ஆம் பக்கம் தாமரை சுவரிலுள்ள இரண்டு பிளவுகளைப் பார்க்கிறாள். ரஹீமா 'வாடி' என்கிறாள். தாமரை உடனே பதில் சொல்ல வேண்டாம்.

10. சோதித்துப் பாருங்கள்

கதை தெரியாத ஒருவரிடம் கிளைமாக்ஸுக்கு முந்தைய பக்கம் வரை மட்டும் கொடுத்து, இரண்டு கேள்வி கேளுங்கள். வசியத்தின் விதி என்ன? நண்பர்கள் என்ன செய்யக்கூடும்?

விதியைச் சொல்லத் தெரியவில்லை என்றால் 2ஆம், 5ஆம் படிகளுக்குத் திரும்புங்கள். முடிவை அப்படியே சொல்லிவிட்டால் விதைத்தது துருத்திக்கொண்டு நிற்கிறது. 9ஆம் பக்கத்து வரியை இன்னும் அடக்கி எழுதுங்கள். 'சேகர் ஏதாவது பேசி அழவைப்பார்' என்று பதில் வந்தால், சேகரை முதல் நான்கு பக்கங்களில் மறுபடி எழுத வேண்டியிருக்கிறது. 'பில்' என்ற சொல்லைத் தயங்கித் தயங்கியாவது அவர் இழுத்தால், அந்த ஸ்கிரிப்டை ஓவியரிடம் கொடுத்துவிடலாம்.